ஆரஞ்சுப் பெருக்கல் குறி

குட்டிகள் ஒன்பதும் ஒரே நேரத்தில் கத்துவதை நிறுத்தின.

டெல்மா சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அரைமணி நேரமாக மேசைமேல் இருந்த சூட்டுப் பெட்டிக்குள்ளிருந்து, யாரோ தும்மலை அடக்கி அடக்கித் தும்முவதுபோல, ச்சு ச்சு என்று விடாமல் வந்துகொண்டிருந்த சத்தம் அது. தாயைத் தொலைத்த ஒபோசம் குட்டிகள் அப்படித்தான் கூப்பிடும். வயிற்றுக்குள் பால் போகும்வரை ஓயாது. ஒன்று களைத்துப்போனால் இன்னொன்று தொடங்கும். பதினொரு வருடமாகத் தாயில்லாக் குட்டிகளை எடுத்து வளர்த்து, இந்தச் சமையலறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவள், அது இப்படிக் கத்தரித்தாற்போல் நின்று கேட்டதில்லை. இன்னும் ஒரு குட்டிக்குக்கூட அவள் பால் கொடுக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் முனகியது. கூரைத் தகரத்தில் மழை பெய்தது. அந்த இரண்டு சத்தங்களுக்கும் அடியில், பின்கதவுப் பக்கமாக, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாற்போல ஒரு சின்ன ஒலி.

க்ளக்.

குட்டிகள் பின்கதவுப் பக்கம் தலையைத் திருப்பின. இன்னும் கண் திறக்காத ஒன்பது தலைகள்.

"கிளை உரசுது," என்றாள் டெல்மா அவற்றிடம். "டாக்வுட் மரம் பூத்தா ஒரு குளிர் வரும், ஒரு காத்து வரும். வருஷா வருஷம் வர்றதுதான். தலையத் திருப்புங்க."

சொன்னாளே தவிர, பின்கதவை ஒட்டி மரம் எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தாய் ஒபோசம் குட்டிகளுக்குப் பதில் சொல்லும் ஒலி எது என்பதும் தெரியும்.

நூல்போன்ற குழாயை முதல் குட்டியின் வாய்க்குள் விட்டு, மூச்சுக்குழலுக்குள் போகாமல் வயிறுவரை இறக்கி, பாலை மெல்ல அழுத்தினாள். கட்டைவிரல் அளவு உடம்பு. மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாக நிரம்புவது வெளியே தெரிந்தது. ஒன்பதுக்கும் கொடுத்து முடித்தபோது வாசலில் லாரி வந்து நின்றது.

வெர்னன் ஸ்டிடம், மாவட்டச் சாலைத் துறைக்காரன். அடிபட்டுச் செத்த மான், நாய், ஒபோசம் எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு போவது அவன் வேலை. டெல்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், மழைத்தொப்பியோடு வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரமாட்டான். வீடு நாறுகிறதாம்.

"எலி ராணி, உயிரோட இருக்கியா?"

"எலி இல்லய்யா. கங்காரு மாதிரி பையில குட்டிய வெச்சிருக்கும். உனக்கு எத்தன தடவ சொல்றது? மூளை இருக்க வேண்டிய எடத்துல மண்வெட்டிதான் இருக்கு உனக்கு."

"அந்த மண்வெட்டிக்குச் சம்பளம் தர்றாங்கம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டிட்டிருந்தவ, அதையும் விட்டுட்டு இதுங்கள வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்க. உனக்கு யாரு தர்றா?" சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். தேவைக்கு அதிகமாகவே உதறினான். "சுரங்கச் சாலை வளைவுல ஒண்ணுக்குக் குறி போட்டிருந்தியே, ஞாயித்துக்கிழம?"

"ஆமா."

"எடுக்கப் போனேன். இல்ல."

"கழுகு இழுத்துட்டுப் போயிருக்கும்."

"கழுகுன்னா ரோமம் கெடக்கும், எலும்பு கெடக்கும். ஒண்ணுமே இல்ல. ரோட்டுல உன் பெயிண்டு மட்டும் இருக்கு. நாலு முனையும் இருக்கு. நடுவுல மட்டும் இல்ல. ஒடம்பு படுத்திருந்த அளவுக்கு வெறும் தாரு."

டெல்மா கையிலிருந்த பாலைத் துணியில் துடைத்தாள்.

"அங்கேருந்து ஓரமா ஆரஞ்சுல தீத்தித் தீத்திப் போயிருக்கு. ஈரப் பெயிண்டோட எதுவோ தவழ்ந்த மாதிரி. கொஞ்ச தூரம் பின்னாடியே போய்ப் பாத்தேன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

வெர்னன் சாலையைப் பார்த்தான். அங்கிருந்து அவள் வீட்டு வேலியைப் பார்த்தான். "மழை வந்துருச்சு. அப்புறம் தெரியல." தொப்பியை மாட்டிக்கொண்டான். "டெல்மா, அது செத்துதான கெடந்துச்சு?"

"குறி போட்டா செத்ததுன்னு அர்த்தம். பைய சோதிச்சாச்சு, நீ அள்ளிக்கலாம், வேற யாரும் வண்டிய நிறுத்தி ரோட்டுல எறங்க வேண்டாம்னு அர்த்தம். அதான நம்ம ஏற்பாடு?"

"அதனாலதான் கேக்கறேன்."

"போய்ச் சாப்புடு. சோளரொட்டி ஆறிப்போனா அதுக்கும் எம்மேலதான் பழி வரும்."

லாரியின் பின்விளக்கு வளைவில் மறைந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டே பல வருடங்கள் ஆகியிருந்தன. துருவின் தூள் விரலில் ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அந்த வளைவில் அது ஒருக்களித்துக் கிடந்தது. பூனை அளவு உடம்பு, வெள்ளை முகம். வாய் பிளந்து, நாக்கு சரளையில் தொங்கியது. பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. பாதங்கள் சில்லிட்டிருந்தன. ஒபோசம் பயந்தால் செத்தது மாதிரியே விறைத்துப்போகும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால்தான் மீட்பு வேலை செய்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப் காருக்குள் இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி லாரியின் விளக்கு மலையில் ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு விரலை விலாவில் வைத்துப் பத்துவரை எண்ணினாள். போதும் என்று நினைத்தாள்.

பைக்குள் ஒன்பது குட்டிகள். அந்த வயதில் குட்டி காம்பை விடவே விடாது. காம்பு அதன் வாய்க்குள் வீங்கித் தொண்டைவரை போயிருக்கும். இழுத்தால் வாய் கிழிந்துவிடும். அதனால் இழுக்கக் கூடாது. தாய்ப் பக்கமாகக் காம்பை வெட்டி, குட்டியைக் காம்போடு எடுக்க வேண்டும். செத்த தாய்க்கு வலிக்காது. அதற்கென்றே வளைந்த முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் அவள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். எண்ணிக்கொண்டே வெட்டுவது அவள் வழக்கம். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவதில், ஈயை உதறும் குதிரையின் தோல்போல, அந்த வயிற்றுத் தோல் சிலிர்த்தது.

அதன்பிறகுதான் நாற்றத்தைக் கவனித்தாள். வாலுக்கடியில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. அழுகியதுபோல அடிக்கும், ஆனால் அழுகல் இல்லை. விறைத்துப்போன ஒபோசம் மட்டும்தான் அதைக் கசியவிடும். செத்தது விடாது.

"காத்து," என்றாள் வாய்விட்டு. "காத்துதான்."

நிறுத்தியிருக்கலாம். மிச்சம் ஆறு இருந்தன. நிறுத்தினால் அந்தக் காலோடு அது ரோட்டைத் தாண்டாது, விடிவதற்குள் பத்தும் செத்துவிடும். நிறுத்தாவிட்டால் ஒன்பது பிழைக்கலாம். பதினொரு வருடத்தில் ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுதாக அவள் கையில் பிழைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டோ மூன்றோ போய்விடும்.

"நாலு," என்றாள்.

ஒன்பது முடிந்ததும் ஆரஞ்சுப் பெயிண்டு டப்பாவைக் குலுக்கி, முதுகின் மேல், முனைகள் ரோடுவரை நீள, பெருக்கல் குறியாக இரண்டு கோடு அடித்தாள். இரண்டும் நேராக விழுந்தன. அவள் கை நடுங்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாதது அதுதான்.

வெர்னன் போன அன்றிரவு எட்டு மணிக்கு அடுத்த வேளைப் பால். அதற்கு முன்னால் குப்பைத் தொட்டி அவள் நினைவுக்கு வந்தது. குட்டிகளின் வாயிலிருந்த காம்புத் துண்டுகள் காய்ந்து அன்று காலையில்தான் உதிர்ந்திருந்தன. டிஷ்யூ தாளில் சுற்றிப் பின்புறத் தொட்டியில் போட்டிருந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். தொட்டி நிமிர்ந்தே நின்றது. மூடி மட்டும், யாரோ எடுத்து வைத்ததுபோலப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நேற்றைய கோழி எலும்பு அப்படியே கிடந்தது. ரக்கூனாக இருந்தால் முதலில் அதைத்தான் எடுத்திருக்கும். டிஷ்யூ தாள் படியின் மேல் விரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தொட்டியின் விளிம்பில் ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆரஞ்சு நிறம்.

காற்று திரும்பியது. அந்தப் பச்சை நாற்றம் வந்தது.

அவள் உள்ளே ஓடவில்லை. படியில் நின்று இருட்டைப் பார்த்துப் பேசினாள். பேருந்தில் கலாட்டா செய்யும் பிள்ளைகளிடம் பேசிய அதே குரலில்.

"கேட்டுக்க. இனிமே உன்னால பால் குடுக்க முடியாது. அதுக்கு வழியில்லாம பண்ணிட்டேன். நாந்தான் பண்ணேன், இல்லன்னு சொல்லல. அதனால இதுங்க எங்கிட்டதான் இருக்கும். ஒண்ணுகூடச் சாகல. ஒண்ணையும் சாக விடமாட்டேன். நீ போ."

மழை பெய்துகொண்டிருந்தது.

க்ளக்.

வெளியிலிருந்து வரவில்லை. தரைப் பலகைக்கு அடியிலிருந்து, அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெர்னனுக்கு ஃபோன் செய்யலாம் என்று கை போனது. செய்தால் என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். காரில் குட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் இந்த வீட்டையும் இந்த வேலையையும் அதற்கு விட்டுக்கொடுத்ததாகும். டெல்மா ஃபோனைத் திரும்ப வைத்தாள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் அழுக்குத்துணிக் கூடையை நகர்த்தி, அதன்மேல் சோப்புத்தூள் பெட்டி இரண்டை அடுக்கினாள். பிறகு பால் கலக்க வந்தாள்.

அப்போது மின்சாரம் போயிற்று.

மலைக்கு மேலே எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும். நாளைக் காலைவரை யாரும் வரமாட்டார்கள். ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. அதற்குப் பின்னால் இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கூரையில் நீர் ஓடுவது. பேட்டரிக் கடிகாரம் நொடியைத் தள்ளுவது. அடியில் பலகையை ஏதோ உரசிக்கொண்டு மெல்ல நகர்வது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஒரு கால் இல்லாதது நகர்வதுபோல.

சூட்டுப் பெட்டி ஆறத் தொடங்கிவிட்டது. அந்த வயதுக் குட்டிகளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. ஒன்பதையும் துணிப்பையில் போட்டு, கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறாள். சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் டார்ச், கையில் விளக்குமாறு. துணி வழியாகக் குட்டிகள் நெளிவது தெரிந்தது. கொஞ்சங் கொஞ்சமாக நெளிவு நின்றது. தூங்கிவிட்டன என்று நினைத்தாள்.

பிறகு ஒரு சுருக். வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில். எறும்பு கடித்தாற்போல.

இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

சட்டையைத் தூக்கி டார்ச்சை அடித்தாள். துணிப்பை அவிழ்ந்து கிடந்தது. குட்டிகள் அவள் தோலில் வரிசையாகத் தொங்கின. ஒன்பதும் வாயால் கவ்வியிருந்தன. கவ்விய இடங்களில் தோல் சிறு முளைகளாக எழும்பி, அவற்றின் வாய்க்குள் போயிருந்தது. கவ்வாத இடங்களிலும் நான்கு முளைகள் சிவந்து நின்றன. எல்லாமாகப் பதின்மூன்று. பன்னிரண்டு வட்டமாக, ஒன்று நடுவில். அந்தக் காம்பு அமைப்பை அவள் நூறு ஒபோசம் பைகளுக்குள் பார்த்திருக்கிறாள்.

ஒரு குட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தொண்டை அசைந்தது. விழுங்கிக்கொண்டிருந்தது. தோலுக்கடியில் வெள்ளையாக நிரம்பிக்கொண்டிருந்தது.

அலற வேண்டும் என்று தோன்றியது. அலறவில்லை. அந்தப் பயத்துக்கு நடுவில், வெட்கங்கெட்ட மாதிரி, ஒரு சந்தோஷம் வந்தது.

"சரி," என்றாள். "குடிங்க."

சட்டையை இறக்கிவிட்டாள்.

துணிக்கூடை நகர்ந்தது. சோப்புத்தூள் பெட்டி ஒன்று விழுந்தது. தூள் சரசரவென்று தரையில் சிந்தியது. பிறகு இரண்டாவது பெட்டி. பிறகு தகரக்குழாய்க்குள் நகம் பிறாண்டும் சத்தம், அது முடிந்து லினோலியம் தரையில் நகம் படும் சத்தம். ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். நாற்றம் முன்னால் வந்தது.

டார்ச் வெளிச்சத்தின் விளிம்பில் வெள்ளை முகம்.

தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் இரண்டும் கருமணிபோல மின்னின. முதுகில் அவள் அடித்த குறி, நேரான இரண்டு கோடுகள். வயிற்றுப் பை கிழிந்த துணிபோலத் தரையில் இழுபட்டது. அது உறுமவில்லை. நின்று அவளைப் பார்த்தது.

க்ளக்.

சட்டைக்குள் ஒரு குட்டிகூட அசையவில்லை. குடித்துக்கொண்டிருந்தன.

டெல்மா எழுந்து நின்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"பாத்தியா," என்றாள். "இப்ப இதுங்க என்னோடது. வேணும்னா வா."

அது வாயைத் திறந்தது. காதுவரை திறந்தது. ஐம்பது பற்கள்.

அவள் ஒரு அடி முன்னால் வைக்க நினைத்தாள். கால் வரவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. பிறகு இடுப்பு. பிறகு விரல்கள். மரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் விழுந்தாள். தலை தரையில் மோதியது கேட்டது, வலிக்கவில்லை. வாய் தானாகப் பிளந்தது. நாக்கு வெளியே வந்து, சிந்திக் கிடந்த சோப்புத்தூளில் பட்டது.

இது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். இது நடிப்பு இல்ல பிள்ளைங்களா. அது முடிவு பண்றதில்ல, ஒடம்பு முடிவு பண்ணிடும். சில நிமிஷம் இருக்கலாம். நாலு மணி நேரமும் இருக்கலாம். எல்லாம் கேக்கும். ஒண்ணும் செய்ய முடியாது.

நாற்றம் அதிகமாயிற்று. இப்போது அது அவளிடமிருந்து வந்தது.

நகம். ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். முகத்துக்கு முன்னால் வந்தது. மீசைமுடி அவள் திறந்த கண்ணில் பட்டது. இமைக்க முடியவில்லை. முகர்ந்தது. கீழே போனது.

சட்டையின் விளிம்பு உயர்ந்தது. குழந்தையின் கைபோன்ற கை. அவசரமில்லாத கை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. எண்ணியது. ஒன்றைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தது. குட்டி விடவில்லை.

அது இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

டெல்மா தனக்குள் இருந்த அத்தனையையும் ஒரே இடத்தில் திரட்டினாள். கை வேண்டாம். குரல் வேண்டாம். ஒரு துண்டுத் தோல் போதும். ஒரே ஒரு முறை.

வயிற்றுத் தோல் சிலிர்த்தது.

அது நின்றது. தலையைத் தூக்கியது. பார்த்தது.

பிறகு காதை அவள் நெஞ்சில் வைத்தது.

கடிகாரம் நொடியைத் தள்ளியது. அவள் எண்ணினாள். பத்து. முப்பது. அறுபது. அவள் இதயம் மேட்டில் ஏறும் பேருந்துபோல இடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காது அசையவில்லை. நூறு. நூற்றிருபது.

முழுதாக இரண்டு நிமிடம்.

அது தலையை எடுத்தது. அதற்குக் கேட்டிருந்தது.

மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது, மனதுக்குள்ளாவது. முயன்றாள். வரவில்லை. ஒன்பதும் உயிரோடு இருந்தன. அந்த வளைவில் மறுபடி நிறுத்தினாலும் அதைத்தான் செய்வாள். மூட முடியாத கண்ணால் அதை முறைத்தாள். அதுவும் முறைத்தது. இரண்டு பேர் வாயும் பிளந்திருந்தன.

வெள்ளைத் தலை, முதல் குட்டி கவ்வியிருந்த முளையை நோக்கித் தாழ்ந்தது. முதுகில் ஆரஞ்சுக் குறி மேலே எழும்பியது. குட்டிகள் விடாமல் குடித்துக்கொண்டிருந்தன.

ஒன்று.